ஆத்தங்குடிக் கல் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குடிநோயிலிருந்து மீள நினைக்கும் ஒருவருக்கு ஆதரவுக் குழுக் கூட்டத்தின் முகவரியைக் கொடுப்பது வேறு; அவரை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே கழியும் சில நாட்களில்தான் பலரை நாம் மறுபடியும் மதுக்கடைக்குப் பறிகொடுக்கிறோம். காரைக்குடி வட்டாரத்தில் குடிநோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஆலோசகராகப் பணியாற்றும் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். அந்த இடைவெளி ஒருவருடைய வாழ்க்கையில் எப்படி விழுந்தது, பிறகு எப்படி அடைக்கப்பட்டது என்பதை விளக்கவே இந்த ஆய்வை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரும் அவருடைய மனைவியும் இதற்கு ஒப்புதல் தந்துள்ளனர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 44. ஆத்தங்குடியை ஒட்டிய சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர், மணமானவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். இருபது வயது முதல் தரைக்கல் பட்டறையில் வேலை பார்த்து, பூக்கல் வார்ப்பதில் தேர்ந்தவர் என்று பெயர் எடுத்திருந்தார். இந்த வேலையின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருடைய நோய் முதலில் வெளிப்பட்டது அங்கேதான். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் பூ வடிவ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய நிறக் கலவையைச் சிறு கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சை ஒரே சீராக மேலே தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் கலவையிட்டு மட்டம் செய்ய வேண்டும். அச்சைத் தூக்கும்போது கை நூலளவு ஆடினாலும் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் இறங்கிவிடும். காலையில் அவர் வார்த்த கற்கள் கழிவாகவும், பதினொரு மணிக்குமேல் வார்த்தவை சுத்தமாகவும் இருப்பதைப் பட்டறைக்காரர் கவனித்திருக்கிறார். காரணம் எளிது. கையை நிலைப்படுத்துவதற்காக, முந்தைய நாள் இரவே வாங்கி வைத்திருந்த பாட்டிலிலிருந்து வேலைக்கு இடையே ஒரு கட்டிங் குடித்துக்கொண்டிருந்தார். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் இந்த முன்னேற்பாடு. சில மாதங்களில் பட்டறைக்காரர் அவரை வார்ப்பு வேலையிலிருந்து எடுத்து, கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றும் வேலைக்கு மாற்றினார். கூலி குறைந்தது, அதைவிட, பெயர் போனது அவரை அதிகம் வருத்தியது.

எங்களிடம் வந்தபோது அவர் நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் மதுச்சத்து 42.8 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால். அப்படியானால் அவருடைய உடல் தினமும் 120 கிராமைச் சுமந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ வினாப்பட்டியலில் 40க்கு 29 மதிப்பெண் வந்தது. 20ஐ எட்டினாலே மதுச் சார்பு இருக்க வாய்ப்புண்டு என்று கருதி முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

அவருடைய மனைவி சொன்ன ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு கார்த்திகையிலும் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பாராம். அதனால் குடும்பத்தார் அனைவரும் “நினைச்சா நிறுத்திடுவாரு” என்றே நம்பியிருந்தார்கள். ஆனால் கடைசி நான்கு ஆண்டுகளாக அவர் மாலை போடவில்லை. பக்தி குறைந்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். மாலை போட்டால் இரண்டாம் நாளே உடம்பு என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததுதான் உண்மை. மாலை போடும் வழக்கமுள்ளவர் திடீரென்று அதைக் கைவிட்டால், நம் பகுதியில் அதை நோய் முற்றியதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கயிறும் வலிப்பும்

உறவினர்கள் அவரைக் கோயில் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, இனிக் குடிப்பதில்லை என்று கயிறு கட்டவைத்தார்கள். அவர் மனமார ஒப்புக்கொண்டே கட்டிக்கொண்டார். அன்று மாலையே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கின. மறுநாள் பிற்பகல் பட்டறையில் வலிப்பு வந்து விழுந்தார். சாமி குற்றம் என்று சிலர் பேசியதால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது.

நெடுங்காலம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை வரும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதவை கண்ணில் தெரியத் தொடங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே கயிறு கட்டுவதானாலும் சரி, ஆதரவுக் கூட்டத்துக்குப் போவதானாலும் சரி, இந்த அளவு குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் செய்யும் வேலையைக் கூட்டமோ வேண்டுதலோ செய்ய முடியாது. கயிற்றை நான் குறைசொல்லவில்லை. அவருக்கு நிறுத்தும் எண்ணம் உண்மையாகவே இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அன்று அவரைச் சேர்த்த மருத்துவமனையில் உடல்நிலையை நன்றாகத் தேற்றி, எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது ‘ஏ.ஏ. கூட்டத்துக்குச் செல்லவும்’ (ஏ.ஏ. என்பது குடியை நிறுத்த விரும்புவோரின் ஆதரவுக் குழு) என்று எழுதி ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்கள். அவர் அந்த எண்ணுக்குப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்திருக்கிறார். அது பயன்பாட்டில் இல்லை என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பதினோராம் நாள் மறுபடியும் குடித்தார். ஐந்து வாரம் கழித்து எங்களிடம் வந்தார்.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, மதுச் சார்புள்ளவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று கணக்கிட்டது. அந்த ஒருவராக வந்து சேர்ந்தவரையும் பழைய தொலைபேசி எண்ணோடு அனுப்பிவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

கூட்டத்தைத் தேடுதல்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியை நிறுத்தப் போராடிய ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் பிறந்தது. இந்தியாவில் இதன் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை, சந்தாவும் இல்லை. வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதும். இவற்றை அவரிடம் சொல்ல ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எந்த ஊர்க் கூட்டம் என்று முடிவு செய்யத்தான் நேரம் பிடித்தது.

அருகிலிருந்த கூட்டத்தைச் சொன்னதுமே அவர் மறுத்துவிட்டார். “அங்க வேண்டாம் சார். எம் மச்சினன் கடை அந்தத் தெருவுலதான் இருக்கு” என்றார். வெளியூரார் இதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். செட்டிநாட்டில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட எந்த ஊர், யார் வீடு என்று கேட்டு, மூன்றாவது கேள்வியில் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார். மகளுக்கு இன்னும் சில ஆண்டுகளில் மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கும் ஒரு தகப்பன், தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க நினைப்பது இயல்பானது. ஊரறியக் குடித்தவருக்கு, ஊரறியக் குணமாவதில் என்ன கூச்சம் என்று அவரிடம் வாதாடுவது பயன் தராது. பெயர் வெளியிடாமை என்ற விதியை ஏ.ஏ. வைத்திருப்பதே இந்த அச்சத்தை மதித்துத்தான். எனவே தொலைவை ஒரு தடையாக மட்டும் எண்ணாமல், அவருக்கு வேண்டிய மறைப்பாகவும் கணக்கில் எடுத்துக்கொண்டோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரின் ஞாயிறு மாலைக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

பிறகு நடைமுறைச் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூட்டம் மாலை 5 மணிக்குத் தொடங்கி 6.30க்கு முடியும், அதன்பின் காரைக்குடி வந்து சேர்ந்தால் அவருடைய ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து போயிருக்கும். அவரிடம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி இருந்தது. அதைக் காரைக்குடிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய வண்டி நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போய் வருவது என்று முடிவாயிற்று. வண்டி நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் மதுக்கடை இருந்ததால், இரண்டு கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் மாற்று வழியில் போகும்படி அவருடைய மனைவி வரைந்து கொடுத்தார். கூட்டம் ஒரு கிறித்தவத் தேவாலய வளாகத்தின் பள்ளி அறையில் நடக்கிறது என்றதும், “மதம் மாத்திடுவாங்கன்னு எங்க ஆத்தா பயப்படுது” என்றார். வாடகைக்கு எடுத்த அறைக்கும் தேவாலயத்துக்கும் வேறு தொடர்பில்லை என்பதையும், ஏ.ஏ.வின் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் என்ற சொல்லுக்கு அவரவர் புரிந்துகொண்டபடி பொருள் கொள்ளலாம் என்பதையும் அவருடைய தாயாரிடமே நேரில் விளக்கினோம். அந்த அம்மா தம் குலதெய்வத்தின் திருநீற்றை மடித்துக் கொடுத்து, மகனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இவ்வளவும் செய்த பிறகும் அவர் தனியாகப் போயிருப்பார் என்று நான் நம்பவில்லை. 1981இல் சிசன், மல்லாம்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பாடம். 20 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கூட்டம் பற்றிய தகவலையும் போகும்படி அறிவுரையையும் மட்டும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஆலோசகரின் அறையிலிருந்தே ஓர் உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்து, அவரே வந்து கூட்டிச்செல்லவும் ஏற்பாடு செய்தார்கள். இரண்டாம் பாதியினர் அனைவரும் கூட்டத்துக்குப் போனார்கள். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் நம் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் தரவுகளைத் தொகுத்து 2020இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும், ஏ.ஏ.வோடு இணைத்துவிடுவதையே நோக்கமாகக் கொண்ட முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலானது என்று கண்டது.

ஆகவே அவர் எங்கள் கண்காணிப்பில் இருந்த ஐந்தாம் நாளே, அந்தக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அவரிடம் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அந்த உறுப்பினர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தாம் கடைசியாகக் குடித்த நாளில் என்ன நடந்தது என்பதைச் சொன்னார், பிறகு, “ஞாயித்துக்கிழமை மூணே காலுக்குப் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன் தம்பி. நீங்க வந்தாலும் வராட்டியும் நான் நிப்பேன்” என்றார். அவர் போனார்.

கூட்டத்துக்குள்

குடிநோயாளி அல்லாதவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் முதல் முறை நானும் பின்வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. அங்கே பேசப்பட்டதை எழுதுவது முறையன்று. நடைமுறையை மட்டும் சொல்கிறேன். பதினான்கு பேர் இருந்தார்கள். அமைதிக்கான பிரார்த்தனையைத் தமிழில் சொல்லித் தொடங்கினார்கள். இயக்கத்தின் நோக்க உரையை ஒருவர் படித்தார். பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்து, தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று அறிமுகம் செய்துகொண்டு பேசினார்கள். ஊர், சாதி, வேலை எதையும் யாரும் கேட்கவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவோ, முடிந்ததும் திருத்தவோ இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் குடித்தவரை நடுவில் நிறுத்தி எல்லோரும் பேசுவார்கள். அவர் மட்டும் பேசமாட்டார். இங்கே குடித்தவர் மட்டுமே பேசுகிறார். என் நோயாளி அதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் பேசவில்லை. பேசும்படி யாரும் வற்புறுத்தவுமில்லை. நான்காம் ஞாயிறு, கையால் அச்சைத் தூக்க முடியாமல் போன காலையைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார் என்று பிறகு அவரே சொன்னார். அந்த ஓட்டுநரே அவருக்கு ஸ்பான்சர், அதாவது புதியவருக்குத் துணைநின்று வழிகாட்டும் மூத்த உறுப்பினர், ஆனார். தொடக்கத்தில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பெருநகரங்களில் சொல்லும் கணக்கு, வாரம் ஒரு கூட்டம் மட்டும் உள்ள நம் பகுதிக்கு ஒத்துவராது. அதற்கு மாற்றாக, தினமும் வேலை முடிந்ததும் ஸ்பான்சருக்கு ஓர் அழைப்பு, வாரத்தில் இரண்டு நாள் இரவில் தமிழில் நடக்கும் இணையவழிக் கூட்டம் என்று வகுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் நேரத்தில் ஓட்டுநரே அழைத்துவிடுவார்.

பொங்கல்

மூன்றரை மாதம் குடிக்காமல் இருந்தவர், பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போன இடத்தில் பழைய நண்பர்களோடு குடித்துவிட்டார். இதற்கான அடித்தளம் முன்பே விழுந்திருந்தது. விடுமுறை என்று இரண்டு ஞாயிறு கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்ததால் அவர்கள் எதிரே ஸ்பான்சரிடம் பேசக் கூச்சப்பட்டு அழைப்பையும் விட்டுவிட்டார். அன்று பகல் முழுவதும் சாப்பிடாமல் வெயிலில் நின்றிருந்தார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கிலும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லும் பழைய அறிவுரையில் இரண்டு அன்று அவரிடம் இருந்தன.

ஆனால் முந்தைய முறைக்கும் இந்த முறைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அன்றிரவே பதினொரு மணிக்கு அவர் ஓட்டுநரை அழைத்தார். “அண்ணே, தொட்டுட்டேன்” என்றார். “சரி, இப்ப எங்க இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? வீட்ல போய்ப் படுங்க. காலைல எந்திரிச்சதும் எனக்குப் போன் போடுங்க” என்பதே பதில். மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம். ஒரே நாள் குடித்ததால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்தில், தம் குடியற்ற நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். முன்பு பதினோராம் நாள் குடித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி ஐந்து வாரம் தொடர்ந்து குடித்தவர், இப்போது ஒரே இரவில் திரும்பிவிட்டார். சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருந்ததுதான் காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மனைவி

பொங்கலுக்குப் பிறகு மனைவி உடைந்துபோனார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று யாரோ சொன்ன பொடியை வாங்கி வைத்திருப்பதாக என்னிடம் வந்து சொன்னார். அவர் அதைக் கலப்பதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் போன்ற மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சடசடவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பரிசோதித்து, நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனான் குழு இவருடைய ஊருக்கு எட்டும் தொலைவில் இல்லை. தமிழில் நடக்கும் தொலைபேசிவழிக் கூட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டோம். கணவரின் குடிக்குத் தாம் காரணமில்லை, அதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ தம்மால் முடியாது என்று அங்கே கேட்டபோது, பதினேழு வருடத்தில் முதல்முறையாக அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். கணவரின் சட்டைப் பையைச் சோதிப்பதையும், வாயருகே முகர்ந்து பார்ப்பதையும் மெல்ல மெல்ல நிறுத்தினார். இதற்குச் சில மாதங்கள் ஆயின; சண்டைகளும் வந்தன.

இப்போதைய நிலை

பொங்கல் சறுக்கலுக்குப் பிறகு பத்து மாதமாக அவர் குடிக்கவில்லை. கல்லீரல் பரிசோதனை முடிவுகள் ஏறத்தாழ இயல்பு நிலைக்கு வந்துள்ளன. பட்டறையில் மறுபடியும் வார்ப்பு வேலை கொடுத்திருக்கிறார்கள், முதலில் ஒற்றை நிறக் கல், இப்போது பூக்கல். கடன் இன்னும் இருக்கிறது. மகன் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். குழு தொடங்க இரண்டு குடிநோயாளிகள் போதும் என்பதால், காரைக்குடிப் பக்கமே வியாழக்கிழமைகளில் ஒரு கூட்டம் தொடங்கலாமா என்று இருவரும் கேட்டார்கள். இடம்தான் இழுபறியாக இருக்கிறது. ஒரு சமூகத்துக்குரிய மண்டபமாக இருந்தால் மற்ற சமூகத்தார் வரமாட்டார்கள். கோயிலையோ தேவாலயத்தையோ ஒட்டியிருந்தால் சிலர் தயங்குவார்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கடைத்தெருவைப் பார்த்த வாசலாக இருக்கக் கூடாது. டியூஷன் சென்டர் ஒன்றின் மாடியறையை இரவு ஏழு மணிக்குமேல் வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். அதன் மாடிப்படி சந்துப் பக்கமாக இருப்பதால் எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு இன்னும் இடமில்லை. சென்ற மாதம் எங்களிடம் வந்த ஒரு பெண்மணியிடம், ஆண்கள் மட்டுமே இருக்கும் மாடியறைக்கு இரவு ஏழு மணிக்குப் போகச் சொல்ல என்னால் முடியவில்லை. பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தின் உறுப்பினர் ஒருவரை என் அறையிலிருந்தே அழைத்துப் பேசவைத்தேன். அவர் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, காலை பத்தரை மணிக்கு அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்.